கிழியாத பிராவை எப்போது தூக்கிப் போடுவது?

"நாலு பிரா இருக்கு, எதுவும் கிழியலை, ஆறு மாசத்துக்கு ஒரு தடவை மாத்தணும்னு சொல்றாங்க, உண்மையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த நாலில் இரண்டைத்தான் மாற்றி மாற்றிப் போடுகிறீர்கள். மற்ற இரண்டும் இறுக்குகிறது, குத்துகிறது என்று அலமாரி அடியில் கிடக்கின்றன. சரிதானே? என் கதையும் அதேதான்.

நான் டாக்டர் இல்லை, உள்ளாடை விற்பவளும் இல்லை. ஒரு பழைய பிராவால் நாலு மாதம் தோள்வலியோடு அலைந்தவள், அவ்வளவுதான். தலைப்பைப் படித்துவிட்டே உள்ளே வந்து "இதையெல்லாம் பொதுவில் எழுதலாமா" என்று கேட்பவர்கள் தயவுசெய்து அடுத்த கேள்விக்குப் போய்விடுங்கள்.

சாயங்காலம் ஆனால் வலது தோள், கழுத்தோடு சேரும் இடத்தில், விண் விண்ணென்று தெறிக்கும். தைலம் தேய்த்தேன். தலையணையை மாற்றினேன். ஆபீஸ் நாற்காலியை ஏற்றினேன், இறக்கினேன். வீட்டுக்காரர் "போனைக் குறை" என்றார். பக்கத்து சீட்டுத் தோழி என் கைப்பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு "இதுல என்ன, கல்லா?" என்றாள். கல் இல்லை. வீட்டுக்காரரின் கண்ணாடிக் கூடு, பையனின் தண்ணீர் பாட்டில், வீட்டுச் சாவி, வண்டிச் சாவி, எல்லாருடைய சார்ஜர். அவருடைய பேன்ட்டில் நாலு பாக்கெட் இருக்கிறது, எல்லாம் காலி. என் உடுப்பில் இருக்கும் ஒரே பாக்கெட்டும் சும்மா தையல் போட்டுக் காட்டியிருக்கும் பொய் பாக்கெட். வெளியே கிளம்பினால் "இதைக் கொஞ்சம் உன் பையில போடேன்" என்று ஆளுக்கொன்றாக நீட்டுவார்கள். போகட்டும், கேள்விக்கு வருகிறேன்.

அந்தச் சமயத்தில் அக்கா நாலு நாள் தங்க வந்திருந்தாள். காய்ந்த துணியை மடிக்கும்போது என் பிராவைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு, "இதையா இன்னும் போடறே?" என்றாள். "ஏன், கிழிஞ்சா இருக்கு?" என்றேன். அவள் பதில் சொல்லவில்லை. என் காதுப் பக்கம் கொண்டுவந்து, கீழ்ப்பட்டையை இரண்டு கையாலும் இழுத்தாள். நறநறவென்று ஒரு சத்தம். விட்டதும் அது சுருங்கவே இல்லை, அலை அலையாகத் தொங்கியது. தையல் ஓரத்தில் நரைமுடி மாதிரி வெள்ளை வெள்ளையாக எலாஸ்டிக் இழைகள் நீட்டிக்கொண்டிருந்தன.

"இது பிரா இல்லடி, நினைவுச் சின்னம்."

பாரத்தின் பெரும்பகுதியைத் தாங்க வேண்டியது மார்பைச் சுற்றி வரும் அந்தக் கீழ்ப்பட்டைதான், ஸ்ட்ராப் இல்லை. பட்டை தளர்ந்தால் முதுகுப் பக்கம் மேலே ஏறும், முன்பக்கம் இறங்கும். நான் செய்தது என்ன? இறங்க இறங்க ஸ்ட்ராப்பை ஏற்றிக்கொண்டே போனேன். கடைசியில் மொத்தப் பாரமும் இரண்டு விரல் அகல நாடாவில். தோளில் பள்ளம் விழுந்திருந்ததைப் பார்த்தும் அது உடம்புவாகு என்று நினைத்தேன். புதிது வாங்கி இரண்டு வாரத்தில் வலி பாதிக்கு மேல் குறைந்தது. எல்லாத் தோள்வலிக்கும் இதுதான் காரணம் என்று சொல்லவில்லை. உங்களுக்கு வலி இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள், என்னைத் திட்டாதீர்கள்.

ஆறு மாதக் கணக்கை நான் நம்புவதில்லை. தினமும் போடுவதும் வாரம் ஒருநாள் போடுவதும் ஒன்றா? ஹூக்கைப் பாருங்கள். பெரும்பாலும் மூன்று வரிசை இருக்கும். புதிதாக வாங்கும்போதே வெளி வரிசையில், அதாவது இருப்பதிலேயே தளர்ந்ததில், கச்சிதமாக இருக்க வேண்டும். பட்டை தளரத் தளர உள்ளே போகத்தான் மற்ற இரண்டும். கடைசி உள் வரிசையில் மாட்டியும் கையைத் தூக்கினால் பட்டை மேலே ஏறுகிறதா? முடிந்தது. கிழிசலுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

கம்பி வெளியே வந்ததைத் தைத்துப் போடாதீர்கள். நான் தைத்தேன். மூன்றாம் நாள் மீட்டிங்கில் அக்குளுக்குப் பக்கத்தில் குத்த ஆரம்பித்தது, ஒரு மணி நேரம் ஃபைலை மார்போடு அணைத்தபடி உட்கார்ந்திருந்தேன். கம்பி வைத்த பிரா புற்றுநோய் தரும் என்று யாராவது வந்து எழுதுவார்கள். 2014-இல் வெளிவந்த, சியாட்டிலில் நடந்த ஓர் ஆய்வு மாதவிடாய் நின்ற பெண்களிடம் இதைத்தான் பார்த்தது. பிராவுக்கும் மார்பகப் புற்றுநோய்க்கும் தொடர்பு எதுவும் தெரியவில்லை.

எலாஸ்டிக்கைக் கெடுப்பது சூடும் வியர்வையும் பிளீச்சும். பச்சைத் தண்ணீரில் அலசுங்கள், முறுக்கிப் பிழியாதீர்கள், ஸ்ட்ராப்பில் தொங்கவிடாமல் நடுவில் மடித்துக் காயப்போடுங்கள். ஒரே பிராவை அடுத்தடுத்த நாள் போடாமல் ஒருநாள் ஓய்வு கொடுத்தால் இழை சுருங்கிக்கொள்ள நேரம் கிடைக்கும்.

அதனால்தான் அலமாரி அடியில் கிடக்கும் அந்த இரண்டைப் பற்றியும் கேட்டேன். எடுத்துப் பட்டையை இழுத்துப் பாருங்கள். சத்தம் வராமல் வெடுக்கென்று சுருங்கினால் உயிர் இருக்கிறது. இறுக்கம் மட்டும்தான் பிரச்சினை என்றால், ஹூக்கோடு சேர்த்து மாட்டும் நீட்டுத் துண்டு தனியாகவே கிடைக்கிறது. கப் சின்னதாகிவிட்டது என்றால் அதற்கு ஒன்றும் செய்ய முடியாது, யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.