மகனுக்கு முன்னால் மனைவி

கேள்வி: எனக்கு 69 வயது. என் சம்பளத்தில் கட்டிய வீடும் கொஞ்சம் வைப்புத்தொகையும் இருக்கின்றன. வங்கியில் மனைவியை நாமினியாகப் போட்டிருக்கிறேன். மகளுக்குக் கல்யாணத்திலேயே நகை போட்டு, சீர் செய்தாகிவிட்டது. வீட்டை இப்போதே செட்டில்மென்ட் எழுதித் தரச் சொல்கிறான் மகன். உயில் என்றால் பின்னால் வழக்கு வருமாம். என்ன செய்யட்டும்?
— ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: எழுதித் தராதீர்கள். உங்களுக்குப் பின் அந்த வீட்டில் வாழ வேண்டியவர் உங்கள் மனைவி. அவரைப் பற்றி 'நாமினி' என்ற ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். அது எனக்குக் கவலையாக இருக்கிறது.

செட்டில்மென்ட் பதிவானால் வீடு மகனுடையது. பிறகு மனம் மாறினாலும், பொதுவாக நீங்களாகப் போய் ரத்து செய்ய முடியாது. பராமரிக்காத பிள்ளையிடமிருந்து சொத்தைத் திரும்பப் பெற 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தில் 23-ஆம் பிரிவு இருக்கிறது; உண்மைதான். ஆனால் பராமரிப்பு நிபந்தனையோடு கொடுத்த சொத்துக்குத்தான் அது. முதுமையில் கோட்டாட்சியர் அலுவலகத்துக்கும் நீதிமன்றத்துக்கும் யார் நடப்பது?

நாமினியை நம்பியும் இருந்துவிடாதீர்கள். வங்கி அவர் கையில் பணத்தைக் கொடுக்கும், உரிமை வாரிசுகளுக்குத்தான். உயில் இல்லாவிட்டால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன், மகள் மூவருக்கும் சம பங்கு. உங்கள் தாயார் இருந்தால் அவருக்கும் ஒரு பங்கு. சீர் செய்ததைச் சட்டம் கழித்துக்கொள்ளாது. நாமும் கழிக்கக் கூடாது என்பேன். தமிழ்நாட்டில் 1989-லேயே கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்குச் சம உரிமை கொடுத்தாயிற்று. உங்கள் சொந்தச் சம்பாத்தியத்தை யாருக்கும் எழுதலாம், அது உங்கள் உரிமை. ஆனாலும் மகளை விட்டுவிடாதீர்கள்.

ஆகவே உயில் எழுதுங்கள். முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். சாட்சிகள் இருவர் முன்னிலையில் நீங்கள் கையெழுத்துப் போட, அவர்களும் போட வேண்டும். சாட்சிகள் உங்களைவிட இளையவர்களாக, சொத்தில் பங்கு இல்லாதவர்களாக இருக்கட்டும். ஒருவர் உங்கள் மருத்துவர் என்றால் இன்னும் நல்லது. பதிவு கட்டாயமில்லை. ஆனால் மகன் சொல்லும் வழக்குக்கு நீங்களும் அஞ்சினால், சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள். எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், கடைசியாக எழுதியதே செல்லும்.

ஒரு வாசகத்தில் மட்டும் கவனமாக இருங்கள். 'என் மனைவி ஆயுள்பரியந்தம் அனுபவித்து, பிறகு பிள்ளைகளுக்கு' என்று எழுதுவது நம் வழக்கம். அப்படி எழுதினால் அவர் குடியிருக்கலாம், விற்க முடியாது. பெரிய மருத்துவச் செலவு வந்தால் சொந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு மகனிடம் கையேந்த வேண்டும். வீட்டை அவருக்கே முழு உரிமையாக, சர்வ சுதந்திர பாத்தியமாக எழுதுங்கள். அவருக்குப் பிறகு யாருக்கு என்பதை அவர் முடிவு செய்யட்டும். இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவருக்கு அது தெரியாதா? அவர் உங்களுக்கு முன்பே போய்விட்டால் பிள்ளைகள் இருவருக்கும் சமமாக என்றும் ஒரு வரி சேருங்கள்.

ஒரு நோட்டில் மூலப் பத்திரம், பட்டா, டெபாசிட் ரசீது, இன்சூரன்ஸ், கொடுத்த கைமாற்று, வாங்கிய கடன் எல்லாவற்றையும் எழுதி மனைவியிடம் காட்டுங்கள். வங்கிக்கு அவரையும் அழைத்துப் போங்கள். பிறகு மகனையும் மகளையும் ஒன்றாக உட்கார வைத்து, இன்னது எழுதியிருக்கிறேன், இன்ன காரணத்தால் எழுதினேன் என்று உங்கள் வாயாலேயே சொல்லிவிடுங்கள். மகன் கோபித்துக்கொண்டால், சமாதானம் சொல்ல இப்போது நீங்கள் இருக்கிறீர்கள்.