மகளின் கையில் கீறல்கள்

கேள்வி: பிளஸ் ஒன் படிக்கும் என் மகள் இந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டைதான் போடுகிறாள். துணி மடிக்கும்போது கையின் உள்பக்கம் ரத்தக்கறை பார்த்தேன். கேட்டால் பூனை கீறியது என்கிறாள். மாமியாரோ, “எல்லாம் நடிப்பு, நாலு சாத்து சாத்து” என்கிறார். என்ன செய்வது?
- ஒரு தாய், திருச்சி

பதில்: தயவுசெய்து அடிக்காதீர்கள். நடிப்பென்றால் எதற்கு மறைக்கிறாள்? தாங்க முடியாத பதற்றம், தன் மேலேயே வெறுப்பு, சிலருக்கு எதையும் உணர முடியாமல் மரத்துப்போன நிலை, இதிலிருந்து கொஞ்ச நேரம் தப்பிக்கத்தான் பல பிள்ளைகள் இப்படித் தங்களையே கீறி உடம்பை வருத்திக்கொள்கிறார்கள், அந்த நிம்மதி சீக்கிரமே போய்க் குற்ற உணர்ச்சி வந்து மறுபடி அங்கேயே தள்ளிவிடுகிறது. பின்னால் மனச்சோர்வு இருக்கலாம், பள்ளியில் கேலி, ஏன், யாரிடமும் சொல்லாத பாலியல் சீண்டல்கூட இருக்கலாம். பல நேரம் சாகும் எண்ணம் இருக்காது. ஆனாலும் பின்னாளில் தற்கொலை அபாயம் கூடும் என்பதால் அலட்சியம் கூடாது.

இன்றைக்கே தனியாக உட்காருங்கள். “ஏன் இப்படிப் பண்ணினே?” வேண்டாம். “ரொம்பக் கஷ்டமா இருக்காடா? அம்மா திட்ட மாட்டேன்” போதும். சாகணும்னு தோணுதா என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் தனியே விடாமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். இனி செய்ய மாட்டேன் என்று சத்தியம் வாங்காதீர்கள், இன்னும் மறைப்பாள்.

அப்புறம், மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் இதற்குத் தனிப் பிரிவு உண்டு. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ 24 மணி நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். முதலில் நீங்களே பேசுங்கள், பெற்றோரும் கூப்பிடலாம்.