காசநோய் மருந்துக்கும் அடங்காத இருமல்: பூஞ்சையையும் சோதிக்கச் சொல்லுங்கள்

வணக்கம் ஐயா. ரங்கூனில் உங்கள் தம்பி இரண்டு மாதமாகக் காசநோய் மாத்திரை சாப்பிட்டும் இருமலும் காய்ச்சலும் தணியவில்லை, சளியில் கிருமி தென்படவில்லை, இப்போது முகத்தில் நடுவே குழிவிழுந்த சிறு பருக்கள் வந்திருக்கின்றன என்று எழுதியிருந்தீர்கள். அந்தப் பருக்கள்தான் எனக்குக் கவலையளிக்கின்றன. பர்மா உட்பட தென்கிழக்காசியாவில் காணப்படும் டலரோமைசிஸ் என்னும் பூஞ்சை, மூச்சுவழியே நுரையீரலுக்குள் புகுந்து, எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களின் இரத்தம், கல்லீரல், எலும்பு மஜ்ஜை, தோல் என்று பரவும்போது இப்படித் தோன்றுவதுண்டு. கிரிப்டோகாக்கஸ் பூஞ்சையும் இதே போன்ற பருக்களை உண்டாக்கும்.

எதிர்ப்புச் சக்தியைக் குன்றச் செய்வது எச்ஐவி என்பதால், அந்தப் பரிசோதனையைக் கூச்சத்தால் தள்ளிப்போடாதீர்கள். பருவைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தால் சில வேளை அன்றே தெரிந்துவிடும். இரத்தத்தில் உள்ள பூஞ்சையை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனைக்கு ஒன்றிரண்டு வாரமாகலாம். கிரிப்டோகாக்கஸ் பூஞ்சையின் கூறுகளைக் கண்டறியும் ஆன்டிஜன் சோதனையையும் சேர்த்துக் கேளுங்கள்.

டலரோமைசிஸ் என்று உறுதியானால், வழக்கமாக ஆம்போடெரிசின் பி மருந்தை 2 வாரம் இரத்தக்குழாய் வழியே ஏற்றி, பின்பு இட்ராகொனசோல் என்னும் பூஞ்சை எதிர்ப்பு மருந்தை 10 வாரம் கொடுப்பார்கள். காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின், இரத்தத்தில் இட்ராகொனசோலின் அளவை வெகுவாகக் குறைத்துவிடும் என்பதால், இரண்டையும் எப்படிச் சமாளிப்பது என்று மருத்துவரிடம் அவசியம் கேளுங்கள். நீங்களாக எந்த மாத்திரையையும் நிறுத்த வேண்டாம். கடுந்தலைவலியோ மூச்சுத்திணறலோ வந்தால் அன்றே பெரிய மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.