கேள்வி பதில்: சோற்றுக்கு எதற்குத் தராசு?

கேள்வி: சென்ற மாதம் எங்கள் ஊருக்குக் கல்லூரிப் பிள்ளைகள் வந்தார்கள். நாங்கள் சாப்பிடும் சோற்றை நிறுத்துப் பார்த்தார்கள். குடிக்கும் தண்ணீர், ஒரு பிடி அரிசி, கால் நகம்கூடக் கேட்டார்கள். ஆர்சனிக் ஆய்வாம். எங்கள் அரிசி விஷமா? மாமியார் நகம் தர மாட்டேன் என்கிறார்.
- வாசகி, அந்தியூர் அருகே

பதில்: பயப்படாதீங்க அம்மிணி. நிலத்தடி நீரில் உள்ள ஆர்சனிக் என்ற நச்சுப்பொருளால் ஊர் ஊராக அவதிப்படுவது மேற்கு வங்கம், பீகார், வங்கதேசம் என்று கங்கைப் பக்கம். நம் பாறைக் கிணறுகளில் ஃபுளோரைடுதான் பழைய தொல்லை. ஆனாலும் இந்த ஆய்வு வேண்டியதுதான், ஏனென்றால் நாம் சாப்பிடுவது நெல்லரிசி. வயலில் தண்ணீர் கட்டி நிற்கும்போது மண்ணில் காற்று போய்விடும். இரும்போடு ஒட்டிக் கிடந்த ஆர்சனிக் கரைந்து வரும். நெல்லின் வேர் அதை இழுத்துக்கொள்ளும். மானாவாரிக் கம்புக்கும் சோளத்துக்கும் இந்தச் சிக்கல் குறைவு. உங்கள் அரிசி காங்கேயத்தில் அரைத்ததாக இருந்தாலும் நெல் வேறு மாநிலத்து வயலில் விளைந்திருக்கலாம். அதனால் மூட்டையில் உள்ள பெயரையும் சொல்லிவிடுங்கள்.

சரி, தராசு எதற்கு? பாலிஷ் அரிசியில் கெடுதி செய்யும் வகை ஆர்சனிக் கிலோவுக்கு 200 மைக்ரோகிராம் வரை என்பது சர்வதேச வரம்பு. அந்த வரம்புக்கு நீங்கள் எவ்வளவு சாப்பிடுகிறீர்கள் என்று தெரியாது. அதில் பாதி, 100 மைக்ரோகிராம் உள்ள அரிசி என்று வைத்துக்கொள்வோம். 60 கிலோ எடையுள்ளவர் நாளைக்கு 300 கிராம் அரிசி சமைத்துச் சாப்பிட்டால் 30 மைக்ரோகிராம் உள்ளே போகும். உடம்பின் ஒரு கிலோவுக்கு அரை மைக்ரோகிராம். 12 கிலோ எடையுள்ள குழந்தை 100 கிராம் சாப்பிட்டாலே கிலோவுக்கு 0.8 தாண்டிவிடும். குடிநீருக்கான வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். இரண்டு லிட்டர் குடித்தாலும் 20தான். தண்ணீரை மட்டும் சோதித்துவிட்டுப் போவது பாதிக் கணக்குக்கூட இல்லை.

கோபி பக்கத்துக் கிராமங்களில் நானும் இப்படி உணவுக் கணக்கு எடுத்திருக்கிறேன். "எவ்வளவு சோறு?" என்றால் மதியச் சாப்பாட்டை மட்டும் சொல்வார்கள். காலை இட்லி, சந்தகை, பொரி, இரவு அரிசியும் பருப்புஞ்சோறு எல்லாம் விட்டுப்போகும். பெண்கள் தங்கள் பங்கைச் சொல்லவே மாட்டார்கள். எல்லோரும் சாப்பிட்டபின் சட்டியில் மிஞ்சியது, மறுநாள் பழைய சோறு, அதெல்லாம் கணக்கில்லை என்பார்கள். அதுதான் எனக்கு மிகவும் வருத்தம். வீட்டுக்கு வந்த அரிசியை ஆளுக்குச் சமமாக வகுத்துவிட்டால் கர்ப்பிணி உண்டதும் கைக்குழந்தை உண்டதும் காணாமல் போய்விடும். உங்கள் வீட்டில் அப்படி விடாதீர்கள், எல்லாவற்றையும் சொல்லுங்கள். குடிக்க ஆற்றுத் தண்ணீர், உலைக்குப் போர் தண்ணீர் என்றால் அதையும் தனியாகச் சொல்லுங்கள்.

நகம் கேட்பதற்குக் காரணம், சில மாதங்களாக உடம்பில் சேர்ந்தது அதில் தங்கியிருக்கும். சிறுநீர் கடந்த சில நாட்களை மட்டுமே காட்டும். சிறுநீர் கேட்டால் அதற்கு முன் மூன்று நாலு நாள் கடல்மீன் வேண்டாம். அதிலுள்ள ஆர்சனிக் பெரும்பாலும் கெடுதி செய்யாத வகை, ஆனால் கணக்கைக் குழப்பும். மாமியாரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். பிறகும் மனமில்லை என்றால் விட்டுவிடுங்கள், யாரும் வற்புறுத்தக் கூடாது.

கேள்வி: சோற்றை வடித்தால் ஆர்சனிக் போய்விடுமா?
- வாசகர், தாராபுரம்

பதில்: நல்ல தண்ணீரை நிறைய வைத்து வடித்தால் நன்றாகக் குறையும், பாதி வரைகூட. குக்கரில் அளவுத் தண்ணீர் வைத்தால் அப்படியே நிற்கும். வடித்த கஞ்சியைக் குடித்தால் போனது திரும்பி வந்துவிடும். தண்ணீரைக் கொதிக்க வைப்பதால் ஆர்சனிக் போகாது. தவிட்டில் அதிகம் இருப்பதால் தீட்டாத அரிசி இந்த ஒரு விஷயத்தில் மேல் அல்ல. குழந்தைக்கு அரிசிக்கூழ் மட்டுமே என்றில்லாமல் ராகி, கம்பு என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள்.