ஏர்கன் கேள்வி-பதில்: கோளாறு துப்பாக்கியிலா, பிடியிலா?

புதிதாக வாங்கிய ஸ்பிரிங் ஏர்கன். பத்து மீட்டரில் ஒரு குண்டு மேலே போகிறது, அடுத்தது இடப்பக்கம். ஒவ்வொரு முறையும் பின் சைட்டை (குறிபார்க்கும் பாகத்தை) திருகிச் சரிசெய்தும் பலன் இல்லை. திருப்பிக் கொடுத்துவிடலாமா? – மன்னார்குடி வாசகர்

கொடுக்க வேண்டாம். முதலில் அந்தத் திருகாணியிலிருந்து கையை எடுங்கள். ஒரு குண்டை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஒரே புள்ளியைக் குறிவைத்து ஐந்து குண்டுகள் சுடுங்கள். ஐந்தும் ஒரு ரூபாய் நாணய அளவுக்குள் விழுந்தால், மையத்தை விட்டு விலகியிருந்தாலும் கவலை இல்லை. சைட்டைத் திருக வேண்டிய நேரம் அதுதான். சிதறி விழுந்தால் சைட்டைத் திருகிப் பயனில்லை, பிடியைப் பாருங்கள்.

விசையை அழுத்தியதும், ஸ்பிரிங் தள்ள, காற்றை அழுத்தும் கனமான பிஸ்டன் முன்னால் பாய்கிறது. துப்பாக்கி பின்னுக்கு உதைக்கிறது. பிஸ்டன் முனையில் வந்து நிற்கும்போது முன்னுக்கும் இழுக்கிறது. இந்த ஆட்டம் தொடங்கும்போது குண்டு இன்னும் குழலுக்குள்தான் இருக்கிறது. இறுக்கிப் பிடித்தால் அந்த இறுக்கம் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாறும், குண்டும் அதற்கேற்ப மாறும். ஆகவே குழலுக்கு அடியில் உள்ள முன்கட்டையை உள்ளங்கையில் சும்மா படுக்க வையுங்கள், விரல்களால் கவ்வாதீர்கள். கோழிக்குஞ்சை ஏந்துகிற பதம் போதும். மணல் மூட்டையில் சாய்த்துச் சுடுவதானால் மூட்டைக்கும் கட்டைக்கும் நடுவே உங்கள் கை இருக்கட்டும். சுட்ட உடனே தலையைத் தூக்கிப் பார்க்காமல் ஒரு மூச்சு நேரம் குறியிலேயே நில்லுங்கள்.

கட்டையைப் பிணைக்கும் திருகாணிகள் அதிர்வில் தளர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். முதல் சில நூறு குண்டுகள் வரை புதுத் துப்பாக்கி படிந்து வராது. நானும் முதல் இரண்டு மாதங்கள் சைட்டோடுதான் மல்லுக்கட்டினேன். பிடியைத் தளர்த்திய அன்றுதான் என் குறி அட்டையில் முதல்முறையாக ஐந்து ஓட்டைகள் ஒன்றையொன்று தொட்டன.

குழல் துருப்பிடிக்கிறதே என்று உள்ளே தேங்காய் எண்ணெய் விட்டேன். இப்போது புகையும் பட்டாசுச் சத்தமும் வருகின்றன. வேகம் கூடிவிட்டதா? – நாகப்பட்டினம் வாசகர்

கூடியிருக்கலாம், ஆனால் அது நல்ல செய்தி அல்ல. அழுத்தப்படும் காற்று சூடேறி எண்ணெயைப் பற்ற வைக்கிறது. டீசல் எஞ்சினுக்குள் நடப்பதும் இதுதான். தொடர்ந்தால் காற்று கசியாமல் அடைக்கும் சீல் கருகும், ஸ்பிரிங் உடையும். சுடுவதை நிறுத்தி, விவரம் தெரிந்தவரிடம் கொடுத்துப் பிரித்துத் துடைக்கச் சொல்லுங்கள். எண்ணெய் வெளி இரும்புக்கு மட்டும்தான், அதுவும் துணியில் நனைத்துத் துடைக்கிற அளவுக்கு.

உங்கள் ஊரில் உப்புக் காற்றோடு கை வியர்வையும் சேர்கிறது. ஒரு கார்த்திகை மாதம், தொட்டபடியே உறையில் போட்டு வைத்த துப்பாக்கியைப் பத்து நாள் கழித்து எடுத்தேன். குழலின் மேல் என் நான்கு விரல்களின் ரேகையும் செந்துருவாகப் பதிந்திருந்தது. பஞ்சு வைத்த உறை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகையில் உறையை விட்டு வெளியே, பூட்டிய அலமாரியில் வையுங்கள்.

குண்டு போடாமல் சும்மா சுட்டுப் பழகலாமா? – கும்பகோணம் வாசகர்

ஸ்பிரிங் துப்பாக்கியில் கூடாது. குண்டு இருந்தால்தான் பிஸ்டனுக்கு முன்னால் காற்று மெத்தைபோல நிற்கும். இல்லாவிட்டால் இரும்பில் இரும்பு மோதும்.

கொல்லையில் தென்னை மரத்தில் அட்டையை ஆணியடித்துச் சுடுகிறோம். பின்னால் வாய்க்கால், அதற்கப்பால் வயல். – திருவையாறு வாசகர்

இன்றே நிறுத்திவிடுங்கள். குறி தப்பிய குண்டு சில நூறு மீட்டர்கூடப் போகும். அந்த வயலில் குனிந்து நாற்று நடுகிறவர்கள் உங்கள் கண்ணுக்குத் தெரிய மாட்டார்கள். தாழ்வாக வரும் குண்டு தண்ணீரில் பட்டால் மூழ்காமல் தெறித்து வேறு திசையில் போகும். வைரம் பாய்ந்த மரம் குண்டைத் திருப்பி அனுப்பும். பனையில் பட்ட குண்டு ஒன்று திரும்பி வந்து, என் காலடியில் இருந்த தண்ணீர்ச் செம்பில் ‘ணங்’கென்று மோதியதைக் கேட்டிருக்கிறேன். அன்று முதல் கண்ணாடி அணியாமல் நான் சுடுவதில்லை.

நம் வயல் களிமண்ணே நல்ல தடுப்பு. ஒரு சாண் ஆழமுள்ள மரப்பெட்டியில் பிசைந்து அடைத்து, முகப்பில் அட்டையைக் குத்துங்கள். காய்ந்து வெடித்தால் தண்ணீர் தெளித்துப் பிசையலாம். பெட்டிக்குப் பின்னால் ஆள் நடமாட்டமே இல்லாத கனத்த சுவர் இருக்க வேண்டும். குண்டு ஈயம் என்பதால் முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் சாப்பிட வேண்டும்.

மயிலும் எலியும் நெல்லை அழிக்கின்றன. ஏர்கன் உதவுமா? – பட்டுக்கோட்டை வாசகர்

மயிலைச் சுடுவது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கடுங்குற்றம். கொக்கு, நாரையையும் தொடாதீர்கள். வடுவூருக்கும் உதயமார்த்தாண்டபுரத்துக்கும் கோடியக்கரைக்கும் வலசை வரும் பறவைகள் இரை தேடுவது நம் வயல்களில்தான். உங்கள் நஷ்டம் எனக்குப் புரிகிறது. எலிக்குத் தஞ்சாவூர் கிட்டி என்ற மூங்கில் பொறி இருக்கிறது. வயலில் ஆந்தை உட்காரக் குச்சி நட்டாலும் பலன் உண்டு. இருட்டில் ஓடும் எலியை ஏர்கனால் சுட்டு மாளாது.

12 வயது மகள் பழக விரும்புகிறாள். உரிமம் வேண்டுமா? எப்படித் தொடங்குவது? – மயிலாடுதுறை வாசகி

2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, குழல் விட்டம் 4.5 மில்லிமீட்டரையோ ஆற்றல் 20 ஜூல் (joule) அளவையோ தாண்டினால் உரிமம் தேவை. போட்டிக்கான 10 மீட்டர் ஏர் ரைபிள் இந்த வரம்புக்குள்தான் வரும். இருந்தாலும் வீட்டுக்கு வாங்குவதைத் தள்ளிப்போட்டு, பயிற்சியாளர் உள்ள ரேஞ்சில் (சுடுதளத்தில்) சேருங்கள். உலகக் கோப்பையில் தங்கம் வென்ற இளவேனில் வாலறிவன் பிறந்தது பக்கத்துக் கடலூரில்தான் என்று மகளிடம் சொல்லுங்கள்.

போட்டி இலக்கின் முழு அகலம் 45.5 மில்லிமீட்டர், பத்துப் புள்ளி தரும் நடுப்பொட்டு வெறும் 0.5 மில்லிமீட்டர். அதைப் பார்த்ததும் பிள்ளைகள் மிரண்டு விசையை வெடுக்கென்று இழுத்துவிடுவார்கள். அதனால் முதல் சில வாரங்கள் ஒன்றும் அச்சிடாத வெள்ளை அட்டையில் சுடச் சொல்லுங்கள். பார்வை துப்பாக்கியின் முன் சைட்டிலேயே இருக்கட்டும். குண்டுகள் ஒரே இடத்தில் கூடத் தொடங்கிய பிறகு கறுப்பு வட்டத்தை மாட்டலாம்.