பேனா நின்ற இடம்

கேள்வி: குழந்தைப் பருவம், இளமை, குடும்ப வாழ்க்கை பற்றிய கேள்விகள் அடங்கிய குறிப்பேடு ஒன்றைப் பேத்தி கொடுத்திருக்கிறாள். ‘உங்கள் குழந்தைப் பருவம் எப்படி இருந்தது?’ என்ற முதல் கேள்வியிலேயே பேனா நின்றுவிட்டது. என் நினைவாற்றல் மங்கிவிட்டதா?

பதில்: குறை உங்களிடம் இல்லை, அந்தக் கேள்வியின் அகலத்தில் இருக்கிறது. அதையே ‘விடியற்காலையில் படுக்கையில் கிடந்தபடி நான் முதலில் கேட்ட ஓசை எது?’ என்று சுருக்கிக்கொண்டால், தாழ்ப்பாளின் கிறீச்சொலி நினைவுக்கு வரலாம். அதைத் திறந்தவர் யார், அந்நேரத்தில் எங்கே புறப்பட்டார், திரும்பி வரும்போது கையில் என்ன இருந்தது என்பவையெல்லாம் அதன் பின்னாலேயே வந்து நிற்கும். மூன்று வயதுக்கு முந்தையவை பெரும்பாலோர்க்கு நினைவில் இருப்பதில்லை. அந்தப் பக்கத்தை வெறுமையாக விட்டுவிடுங்கள். ஏறத்தாழ 10 முதல் 30 வயது வரையிலான நிகழ்வுகளே முதுமையில் மிகுதியாக மேலெழுகின்றன என்று உளவியலாளர்கள் கண்டிருப்பதால், இளமைக் கேள்விகளிலிருந்தே தொடங்கலாம். (பேத்தி வரிசையைப் பற்றிக் கவலைப்படமாட்டாள்.) முதியோர் பழையதை அசைபோடுவது தளர்ச்சியின் அடையாளமன்று, வாழ்ந்ததை மதிப்பிட்டுப் பார்க்கும் இயல்பான செயல் என்று அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர் 1963-இலேயே எழுதினார். உடன்பிறந்தவர் அதே நிகழ்ச்சியை வேறுவிதமாகச் சொன்னால் வாதிடாமல் இரண்டையும் எழுதி, எது யாருடையது என்று குறித்துவையுங்கள்.