சேலம் பின்னணியில், சாப்பிட மறுக்கும் 13 வயதுப் பெண்ணைப் பற்றி இளையோர் கதை எழுதுகிறேன். எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

முதலில் எண்களை வெட்டுங்கள். எடை, கலோரி, எத்தனை நாள் பட்டினி, எதுவும் வேண்டாம். இதே நோயுள்ள (அனோரெக்சியா என்ற, சாப்பாட்டை மறுக்க வைக்கும் மனநோய்) பிள்ளை அந்தப் பக்கத்தைப் படித்தால் உங்கள் கதாநாயகியோடு போட்டிக்கு நிற்கும். சாப்பாட்டை ஒளிக்கும் தந்திரங்களும் அப்படித்தான். உங்களுக்கு அது காட்சி. அந்தப் பிள்ளைக்குச் செய்முறை.

வேறெப்படிக் காட்டுவது? உடம்பை வைத்துக் காட்டலாம். பட்டினி கிடக்கும் உடம்பு குளிர் தாங்காது. அவளை ஏற்காட்டில் ஒரு பள்ளி விடுதியில் படிக்க வையுங்கள்; மலைக்குளிருக்கு அங்கே எல்லாருமே ஸ்வெட்டர் போட்டிருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. ஏப்ரல் விடுமுறைக்கு 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கிச் சேலத்துக்கு வந்த பிறகும், வீடே புழுங்கிக்கொண்டிருக்கையில், அவள் ஸ்வெட்டரைக் கழற்றவில்லை என்று எழுதுங்கள். சீப்பில் கொத்தாக முடி, கையில் பூனைமுடி, எழுந்தால் கண் இருட்டுவது, மாதவிலக்கு நிற்பது எல்லாம் வரும். அலமாரியில் பிரிக்காமலே கிடக்கும் நாப்கின் பாக்கெட் அம்மா கண்ணில் பட்டால் அதுவே ஓர் அத்தியாயம்.

'அவளுக்குப் பசியே இல்லை' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். பலருக்கு நாள் முழுக்கச் சாப்பாட்டு நினைப்புத்தான். 1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டாவில், ஆரோக்கியமான 36 ஆண்களை அரைப்பட்டினி போட்டு ஆராய்ந்தார்கள். அவர்களில் சிலர் சமையல் புத்தகங்களைப் படிக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஆகவே உங்கள் பெண் தோழிகளுக்கெல்லாம் தட்டுவடை செட் வாங்கிக் கொடுக்கட்டும். பீட்ரூட் துருவல் எவ்வளவு, காரச் சட்னி யாருக்குக் கூட என்று கடைக்காரரிடம் அவளே சொல்லட்டும். மற்றவர்கள் மெல்லுவதைக் கண்கொட்டாமல் பார்க்கட்டும்.

அத்தை ஒருத்தி "குண்டாயிட்டயே" என்றதுதான் காரணம் என்று முடிச்சுப் போடாதீர்கள். அந்தப் பேச்சைக் கேட்காத பெண் நம்மூரில் ஏது? பரம்பரை, எதிலும் பிசகு பொறுக்காத சுபாவம், பதற்றம், டயட் என்று பல சேர்ந்துதான் நோயாகிறது. பையன்களுக்கும் வரும், ஒல்லியாக இல்லாதவர்களுக்கும் வரும்.

அதிகம் சொதப்புவது முடிவில்தான். "ஒரு வாய் சாப்பிடு கண்ணு" என்று பாட்டி ஊட்ட, அவள் அழுதுகொண்டே வயிறாரச் சாப்பிட, சுபம். நெடுநாள் பட்டினிக்குப் பின் திடீரென்று நிறையச் சாப்பிட்டால் இரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து இதயமே தடுமாறலாம். முதலில் மருத்துவர் நாடி பிடித்து, இரத்தப் பரிசோதனையும் ஈசிஜியும் எடுக்கச் சொல்ல வேண்டும்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் நாடகமே. இந்த வயதுக்குப் பெரும்பாலும் பரிந்துரைக்கப்படுவது குடும்பம் சார்ந்த சிகிச்சை. என்ன, எவ்வளவு, எப்போது என்பதை ஆரம்பத்தில் பெற்றோர்தான் முடிவு செய்வார்கள். அவள் தேற ஆரம்பித்ததும் கொஞ்சம் கொஞ்சமாக அவள் கையில் கொடுப்பார்கள். மாதக்கணக்கில் ஆகும். ஆறிப்போன இட்லி முன்னால் அவள் கத்துவாள், தட்டைத் தள்ளுவாள். அம்மா திட்டவும் கூடாது, எழுந்து போகவும் கூடாது. அந்த முக்கால் மணி நேரத்தைச் சுருக்காமல் எழுதுங்கள்.

கடைசிப் பக்கத்தில் 14416 என்ற எண்ணைப் போடுங்கள். டெலி மானஸ், அரசின் இலவச மனநல உதவி எண், தமிழிலும் பேசலாம். நீங்கள் எழுத வேண்டிய ஒரே எண் அதுதான்.